பட்டி பார்த்த முகம்

வீட்டில் இருந்த ஒரே போன் ப்ரைமர் வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. பெயிண்டர் ஏணி உச்சியில் நின்றபடியே வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்தார். போன் போனதுகூடப் பெரிதில்லை, அது போன நேரம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம். பிள்ளை பிறந்த கையோடு படம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்தப் படம் வந்து இறங்க இப்போது வீட்டில் இடமில்லை.

புதுப் போன் வாங்கித் தருகிற பொறுப்பை மனைவியின் தம்பி தன் தலைமேல் போட்டுக்கொண்டான். குடும்பத்தில் அவனுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். பல் துலக்கும் பிரஷ் வாங்குவதற்கே ஒரு வாரம் வீடியோ பார்க்கிற ஆள்.

"மாமா, உங்களுக்கு எப்படிப்பட்ட போன் வேணும்?"

"ஏணி மேல நின்னா மணி காதுல விழணும். கீழ விழுந்தா உடையக் கூடாது. வெயில்ல எழுத்து தெரியணும். சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்கணும். அவ்வளவுதான் மச்சான்."

"நீங்க கேக்கறது போன் இல்ல மாமா, செங்கல்."

மறுநாள் மத்தியானம் பெட்டியும் கையுமாக வேலை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டான்.

"மூணு கேமரா மாமா. நிலாவையே கிட்ட இழுத்துக் காட்டும்."

"நிலாவுக்கு நான் பெயிண்ட் அடிக்கப் போறதில்லையே?"

"சரி, இதக் கேளுங்க. கையே படாமத் தொறக்கும். முகத்தைக் காட்டினாப் போதும்."

இந்த இடத்தில்தான் பெயிண்டர் விழுந்தார், ஏணியிலிருந்து அல்ல. நாளெல்லாம் பத்து விரலும் பெயிண்டில் ஊறிக் கிடக்கிற மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கேயே, ஏணியில் நின்ற கோலத்திலேயே, ஆராய்ச்சி அவர் முகத்தைப் போனுக்குள் பதித்துவிட்டான். பழைய சிம்மைத் துடைத்துப் போட்டு, மகள் நம்பரையும் ஏற்றிக் கொடுத்தான். ரகசிய எண் என்று ஒன்று உண்டு, அதைத் தானே வைத்துக்கொண்டான். "உங்களுக்கு எதுக்கு மாமா அந்தத் தலைவலி?"

அன்று பிற்பகல் முழுக்கப் பெயிண்டருக்கு அதே விளையாட்டு. சுவரில் பூசிக் காய்ந்த பட்டி மாவின் மேல் உப்புத்தாளை நாலு இழுப்பு இழுப்பார், வெள்ளைத் தூசி பறக்கும், போனைப் பார்ப்பார், திறந்துகொள்ளும். ஒரு வேலையும் இல்லாமல் மறுபடி பார்ப்பார். மறுபடி திறக்கும். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற ஜீவன் அவர் வாழ்க்கையில் இதுவரை வாய்த்ததில்லை.

சாயங்காலம் மனைவி வாசலிலேயே மறித்தாள். வேலைத் தூசியோடு அவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் சட்டம். அன்றைக்குச் சட்டம் இன்னும் கடுமை.

"பேரப்புள்ள வீடியோல மொத மொதல்ல பாக்கப்போற முகம். பூச்சாண்டி மாதிரியா போய் நிப்பீங்க?"

தேய்த்துத் தேய்த்துக் குளிக்க வைத்தாள். சவரம் செய்ய வைத்தாள். நரைத்த மீசைக்கு மையும் பூசிவிட்டாள். வெளியே வந்தபோது புது மாப்பிள்ளை தோற்றுப்போக வேண்டும்.

சரியாக அப்போதுதான் போன் 'டிங்' என்றது. மகள் பெயர். அதற்குக் கீழே 'ஒரு படம்'.

பெயிண்டர் முகத்தைக் காட்டினார். போன் லேசாக நடுங்கி, 'முகம் தெரியவில்லை' என்றது. சிரித்துக் காட்டினார். முறைத்துக் காட்டினார். 'இன்னும் ஒரு முறைதான். பிறகு ரகசிய எண் வேண்டும்' என்றது. மனைவி வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

கீழ்வீட்டுத் தையல்காரரின் போனை வாங்கி, மனைவிக்கு மனப்பாடமாக இருந்த ஒரே நம்பரான ஆராய்ச்சியின் நம்பருக்குக் கூப்பிட்டார்கள். அவனுக்கு ராத்திரி வேலை, குளிர்பதனக் கிடங்கில். உள்ளே போனால் விடியும்வரை சிக்னல் கிடையாது. மகளைக் கூப்பிடலாம் என்றால் அவள் நம்பர் யாருக்கும் மனப்பாடமில்லை, அதுவும் பூட்டின போனுக்குள்தான் இருக்கிறது.

விடியட்டும் என்று விடலாம்தான். ஆனால் முடியவில்லை. உள்ளங்கை அகலத்துக்குள் பிள்ளை இருக்கிறது, பார்க்க வழியில்லை.

மனைவி திடீரென்று கேட்டாள். "உங்க மூஞ்சிய அவன் எப்பங்க புடிச்சான்?"

"மத்தியானம். பட்டி தேச்சுக்கிட்டு இருந்தேன்."

"எந்தக் கோலத்துல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறு நிமிடம் அவள் பவுடர் டப்பாவோடு வந்தாள். புருவத்தில் அப்பினாள், மை பூசிய மீசையில் அப்பினாள், கன்னம் காது எதையும் விடவில்லை. தலையில் துண்டைக் கட்டினாள். இத்தனை வருஷமாக எந்த வெள்ளையை வாசலில் நிறுத்தி விரட்டினாளோ, அதையே நடு வீட்டில் உட்காரவைத்து, தன் கையாலேயே பூசினாள்.

"இப்பக் காட்டுங்க."

கண்ணை இமைக்காமல் காட்டினார். திறந்துகொண்டது.

'உங்க பேத்தி' என்று எழுதியிருந்தது. பிறந்த மாத்திரத்தில் எடுத்த படம், இன்னும் துடைக்கக்கூட இல்லை. நெற்றி, புருவம், கன்னம் எல்லாம் வயிற்றுக்குள்ளிருந்தே ஒட்டிவந்த மாவு வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது.

"இந்தா பாரு!" என்று கத்தினார் பெயிண்டர். "பட்டி தேச்சுட்டு நேரா வந்திருக்கா, நம்ம ஆளு!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அழுகையாகிவிட்டது. கண்ணீர் பவுடரைக் கரைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கோடாக இறங்கியது. அதற்குள் திரை அணைந்தது. அவசரமாக முகத்தைக் காட்டினார்.

'முகம் தெரியவில்லை.'

"அழுதா அதுக்கு ஆளு தெரியாதுங்க, பேசாம இருங்க!" மனைவி மறுபடி டப்பாவைத் தட்டினாள். அவள் கண்ணும் நிற்கவில்லை.

அப்போது போன் மணியடித்தது. மகள், வீடியோவில். எடுப்பதற்கு முகமும் கேட்கவில்லை, எண்ணும் கேட்கவில்லை. ஒரு தள்ளு தள்ளியதும் அவள் வந்துவிட்டாள். களைத்துப்போய், கலைந்த தலையோடு, பக்கத்தில் பொட்டலமாகப் பேத்தியோடு.

துண்டு, பவுடர், மை, கண்ணீர் எல்லாம் குழம்பிய அந்த முகத்தை மகள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஏம்ப்பா அழறீங்க?" என்றாள்.