கேக்குக்கு வியர்த்தது

என் மருமகள் செய்த கேக்கின் உயரம் நாலடி. மண்டப வாசலில் அதை இறக்கியபோது காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தான். தொப்பியைச் சரிசெய்தான் என்கிறாள் என் வீட்டுக்காரி. அவளுக்கு எதையும் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம்.

நகர உணவுத் திருவிழாவின் இரண்டாம் நாள் அது. வெளியே முந்நூறு கடைகள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வாசனையை வைத்துச் சொல்கிறேன், ஐந்நூறுக்குக் குறையாது. உள்ளே குளிரூட்டிய மண்டபத்தில் கேக் அலங்காரப் போட்டி. முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்குப் புதிய உணவுச் சந்தையில் ஒரு வருஷத்துக்கு ஆளுக்கொரு கடை. எங்கள் மேசை பன்னிரண்டு.

மருமகளுக்கு இது மூன்றாவது முயற்சி. முதல் வருஷம் அவள் கேக் கோபுரம் சாய்ந்தது. போன வருஷம் மேலே போர்த்திய சர்க்கரை மாவு வியர்த்து, ரோஜாக்கள் ஒவ்வொன்றாக மாடிப்படி இறங்கி மேசை விரிப்பில் உட்கார்ந்துகொண்டன. அந்த மாவுக்கு ஃபாண்டன்ட் என்று பெயர். ஈரம் என்றால் அதற்கு ஜென்மப் பகை. இந்தத் தடவையும் இல்லையென்றால் கேக் சுடும் ஓவனை விற்றுவிட்டு, பழைய இன்சூரன்ஸ் ஆபீஸ் நாற்காலிக்கே திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். ஆபீஸில் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். ஒரு வாரமாக அவள் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை வழித்தெடுத்தால் ஒரு சாக்லேட் கேக்குக்கு ஆகும்.

"மாமா, நான் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன். யாரையும் பக்கத்துல விடாதீங்க. ஃபேனைத் திருப்பாதீங்க. முக்கியமா, நீங்க தொடாதீங்க."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?"

"உங்களைத் தெரியும், அதனாலதான் சொல்றேன்."

என் மகன் வண்டி நிறுத்த இடம் தேடித் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டைக்காக எங்கும் கூடவே கொண்டுவரும் வெந்நீர் ஃபிளாஸ்கை மடியில் வைத்திருந்தாள். நான் காவல் நின்றேன். முப்பத்தாறு வருஷம் குளிர்பதனக் கிடங்கு மெக்கானிக்காக இருந்தவன். சும்மா நிற்பதில் எனக்கு அனுபவம் போதாது.

இரண்டு பெண்கள் வந்தார்கள். "ஐயோ, என்ன அழகு! பின்பக்கமும் இப்படித்தானா?" என்றாள் ஒருத்தி. கேக் ஒரு சுழல்பலகை மேல் இருந்தது. கேக்கைத் தொடாதே என்றுதானே சொன்னாள்? பலகையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு விரலால் சுற்றிக் காட்டினேன். கீழடுக்கைச் சுற்றிலும் திரைச்சீலை மாதிரி நாற்பத்தெட்டு மடிப்பு, ஒன்றுக்கொன்று அச்சு அசல். ஒரே ஒரு மடிப்பின் காலடியில் மட்டும் மிளகளவு ஒரு வெள்ளி முத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ தெறித்த சர்க்கரை முத்து, சுத்த வேலைக்கு நடுவில் ஒரு கறுப்பாடு! பெண்கள் பார்ப்பதற்குள் நகத்தால் நெம்பினேன். வைக்க இடமில்லை. வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாகவே இருந்தது. அப்புறம் அவர்களுக்காக இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.

"இப்பவே கண்காட்சியா?" என்றார் எதிர் மேசைக்காரர். பெரிய ஹோட்டலின் கேக் மாஸ்டர். எந்நேரமும் கையில் ஓர் இரும்பு ஸ்கேல் வைத்திருந்ததால் ஸ்கேல் என்றே அவருக்குப் பெயர் வைத்திருந்தேன்.

"அழகு இருந்தா நாலு பேர் பார்க்கத்தான் செய்வாங்க," என்றேன்.

மருமகள் திரும்பி வந்தாள். கேக்கைப் பார்த்தாள். குனிந்தாள். ஒரு பக்கமாகச் சுற்றி வந்து, மறு பக்கமாகவும் சுற்றி வந்தாள்.

"மாமா. கேக்கைத் திருப்பினீங்களா?"

"பலகையைத்தான்."

"இங்க ஒரு வெள்ளி முத்து இருந்துதே?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அது அப்போதுதான் நாக்குக்கடியில் கரைந்து முடிந்திருந்தது.

"கேக்கறா இல்ல? வாயைத் திறந்தா முத்து கொட்டிடுமா?" என்றாள் வீட்டுக்காரி.

"இனிமே கொட்டாது," என்றேன்.

மருமகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக, எண்ணி எண்ணிச் சொன்னாள். நாலு அடுக்கும் தெர்மாகோலாம். கீழடுக்கில் மட்டும் ஒரு துண்டு அளவுக்கு அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிஜக் கேக்கைச் செருகி, மேலே போர்த்தியிருக்கிறாளாம். போட்டி விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் நடுவர் முன்னால் ஒரே ஒரு துண்டுதான் வெட்டலாம். கத்தி தெர்மாகோலில் இறங்கினால் பெயரை அடித்துவிடுவார்கள். நிஜத் துண்டு எந்த இடம் என்பதற்கு அவள் வைத்திருந்த ஒரே அடையாளம் அந்த முத்து.

"நாற்பத்தெட்டுல ஆறு மடிப்புதான் மாமா கேக். மீதி நாற்பத்திரண்டும் தெர்மாகோல்."

என் வயிற்றுக்குள் அந்த ஒற்றை முத்து பாறாங்கல்லாகக் கனத்தது. அம்மிக்கல் என்று சொன்னாலும் மிகையில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மேசை ஏழு!"

"அடியில பார்க்கலாமா?"

"பலகையோட ஒட்டியிருக்கு."

"ஊசியால குத்தி..."

"ஓட்டை தெரிஞ்சா மார்க் போச்சு. வியர்த்தாலும் போச்சு. தொட்டா விரல் பதிஞ்சு போச்சு." அவள் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "ஆபீஸ்ல ஜன்னலோர சீட் தர்றேன்னாங்க மாமா. பரவாயில்ல."

அந்த 'பரவாயில்ல' என் நெஞ்சில் ஸ்க்ரூடிரைவர் மாதிரி இறங்கியது. எத்தனையோ கிடங்குகளில் எத்தனையோ முதலாளிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவரும் இப்படி நோகடித்ததில்லை.

"மேசை எட்டு!"

கிடங்கு என்றதும்தான் பொறி தட்டியது. குளிர்கிடங்குச் சுவருக்குள் தெர்மாகோல்தான் வைத்திருப்பார்கள். எங்கேயாவது அது விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தில் மட்டும் சுவரின் வெளிப்பக்கம் வியர்க்கும். அந்த வேர்வையைத் தேடித்தான் என் சர்வீஸ் முழுக்க டார்ச்சோடு அலைந்தேன்.

"ஏம்மா, கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எப்ப எடுத்த?"

"வண்டியில ஏத்தறப்ப. ஒரு மணி நேரம் இருக்கும். ஏன்?"

"அப்ப கேக் இன்னும் சில்லுனுதான் இருக்கும். தெர்மாகோல் மேல இருக்கிற மாவுல சில்லே நிக்காது. சில்லுனு இருக்கிற இடம் வியர்க்கும், மத்தது வியர்க்காது. ஃபேனை நிறுத்து."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் போன வருஷ ரோஜாக்கள் அத்தனையும் மறுபடி படியிறங்கின.

"வியர்க்கக் கூடாதுன்னுதானே மாமா ஒரு வருஷமா உசுரை விட்டேன்!"

"மேசை ஒன்பது!"

ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு தானே குனிந்து ஃபேன் சுவிட்சை அணைத்தாள். "அத்தை, அந்த ஃபிளாஸ்கைக் குடுங்க."

மூடியில் வெந்நீரை ஊற்றி, ஆவி மடிப்புகளின் மேல் லேசாகப் படும்படி பிடித்துக்கொண்டாள். நான் பலகையைச் சுற்றினேன், இந்த முறை அனுமதியோடு. எதிரே ஸ்கேல் வாயைப் பிளந்தார்.

"கேக்குக்கு ஆவி பிடிக்கிறீங்களா? ஜலதோஷமா?"

"உங்க கேக்குக்குத் தொத்திடப்போகுது, மூடி வைங்க," என்றாள் வீட்டுக்காரி.

பத்து மடிப்பு. ஒன்றுமில்லை. இருபது. சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது. என் சட்டைதான் முதுகோடு ஒட்டியது. அந்த மண்டபத்திலேயே அதிகம் வியர்த்த பொருள் நான்தான். குளிர் போய்விட்டதோ? பைத்தியம் பிடித்தவன் பேச்சைக் கேட்டு இருந்த மானத்தையும் ஆவியில் விட்டாளோ?

"மேசை பத்து!"

முப்பது. முப்பத்தொன்று. மருமகளின் கை நின்றது.

"மாமா. இங்க பாருங்க."

ஒரு மடிப்பின் வெண்மையில் மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். சரியாக ஆறு மடிப்பு. பிறகு மறுபடி காய்ந்த சுண்ணாம்பு. நான் போட்ட சத்தத்தில் மண்டபத்து விளக்குகள் ஒரு தரம் அணைந்து எரிந்தன.

"கத்தாதீங்க!" என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்றாவது ஆள் ஸ்கேல்.

அவள் அந்த ஆறையும் முன்பக்கம் திருப்பிவிட்டு ஃபேனைப் போட்டாள். மங்கல் முழுசாகக் காயவில்லை. அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவிய கன்னம் போல் பளபளத்தது. "மேசை பன்னிரண்டு!" என்ற குரலோடு தலைமை நடுவர் அம்மாள் வந்து நின்றார். சிரித்தால் சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம்.

"வெட்டுங்க."

மருமகள் கத்தியை வைத்தாள். தெர்மாகோல் அறுபட்டால் கிறீச்சென்று பல் கூசும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கத்தி இறங்கியது. சத்தமே இல்லை. இன்னொரு வெட்டு. ஆரஞ்சு மணத்தோடு, ஈரப்பஞ்சு போல், ஒரு துண்டு வெளியே வந்தது. வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நடுவர் அம்மாள் கண்ணை மூடி மென்றார். பிறகு பளபளத்த மடிப்பின் அருகே குனிந்தார். "இங்க வியர்த்திருக்கே. போன வருஷமும் உங்களோடதுதானே வியர்த்தது?"

"போன வருஷம் அது தானா வியர்த்தது மேடம். இந்த வருஷம் நான் சொல்லி வியர்த்தது."

"ஏன்?"

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். காட்டித்தான் கொடுத்தாள். "அடையாள முத்தை எங்க மாமா தின்னுட்டாரு."

அந்த அம்மாள் சிரித்தார். அது வெறும் இருமல் என்பாள் வீட்டுக்காரி. நீங்கள் என்னை நம்புங்கள். ஆனாலும் வியர்த்ததற்கு ஐந்து மார்க் வெட்டினார்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். ஸ்கேலுக்கு முதலிடம். எங்களுக்கு மூன்றாமிடம், நாலாவதைவிட ஒரே ஒரு மார்க் கூட. திங்கட்கிழமை காலை மருமகள் ஆபீஸுக்குப் போன் போட்டு, அந்த ஜன்னலோரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

இப்போது சந்தையில் கடைசிக் கடை எங்களுடையது. பகலில் நான்தான் ஃபேனுக்குக் காவல். கேக்கில் அடையாளம் வைக்கும் வழக்கத்தை அவள் விடவில்லை. கீழடுக்கில் ஒரே ஒரு வெள்ளி முத்து, அதே அளவு, அதே பளபளப்பு. ஆனால் இப்போது வைப்பது சர்க்கரை முத்து இல்லை. வெள்ளிப் பூச்சுப் பூசிய அசல் மிளகு.

எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.