பதினோராவது கையெழுத்து

மணி மூன்றே கால். ஹேர் டிரையரை அணைத்துவிட்டு ஜெர்சியைப் பார்த்தேன். பத்துக் கையெழுத்துகள் இருந்தன. பதினொன்று இருக்க வேண்டும்.

விரல் வைத்து மறுபடி எண்ணினேன். பத்துதான். நெஞ்சுக்கு நேரே ஒரு கையெழுத்து இருந்த இடத்தில் இப்போது வெறும் வெளிர் மஞ்சள் துணி இருந்தது.

பந்து, மட்டை, கையுறை, ஜெர்சி என்று விளையாட்டுச் சாமான்களுக்குச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டக் கொடுப்பதுதான் எங்கள் கடையின் தொழில். ஜெர்சியைப் பலகையில் ஒட்டக் கூடாது, பசை நாளடைவில் துணியைத் தின்றுவிடும். மெல்லிய நூலால் தைக்க வேண்டும். தையல் கோணாமல் இருக்க முதலில் துணியின் மேலேயே புள்ளியும் கோடும் போட்டுக்கொள்வேன். அதற்கென்றே ஒரு நீலப் பேனா உண்டு. சூடு பட்டால் அதன் மை மறைந்துவிடும். தைத்து முடித்து டிரையரைக் காட்டினால் கோடுகள் போன இடம் தெரியாது. கோடுகளோடு பூட்டண்ணனின் கையெழுத்தும் போய்விட்டது.

பூட்டண்ணன் எங்கள் பேட்டைக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவர் நின்றால் கோலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி என்பதால் அந்தப் பெயர். ஆறு வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தார். தோளில் சட்டை கோட் ஸ்டாண்டில் தொங்குவதுபோல் தொங்கியது. அவருடைய கடைசி ஆட்டத்து ஜெர்சியில் மற்ற பத்துப் பேரும் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "பேனா குடும்மா" என்றார். நான் அப்போது போனில் கண்ணாடிக் கடைக்காரரோடு சண்டையில் இருந்தேன். கோபம் வந்துவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. மேசையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டினேன், அது அந்த நீலப் பேனா.

பன்னிரண்டாம் நாள் அவர் போய்விட்டார். இன்று ஐந்து மணிக்கு அவர் மனைவி சட்டத்தை வாங்க வருகிறார். ஆறு மணிக்கு அந்தப் பத்துப் பேரும் அவர் வீட்டில் கூடுகிறார்கள்.

பின்னறையில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன்.

"அவ்வளவுதானே? தைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியே, அதப் பார்த்து நானே போட்டுடறேன். அவரே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு."

"அவர் வர முடியாதுங்கறதாலதானே இப்படி உக்காந்திருக்கேன்! போய் உங்க போர்டைப் பாருங்க."

அவர் போகவில்லை. நல்ல மனுஷன், திட்டினாலும் பக்கத்திலேயே நிற்பார். கத்திய பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. போன வருடம் ஒரு ஜெர்சியைப் பனி கொட்டும் ஊருக்கு விமானத்தில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்தபோது என் கோடுகள் அத்தனையும் திரும்ப முளைத்திருந்தன. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். சூட்டில் போகும் மை கடும் குளிரில் திரும்பி வரும்.

பலகை மூன்றடி. எங்கள் ஃபிரிட்ஜுக்குள் போகாது. தையலைப் பிரித்தால் மறுபடி தைக்க இரண்டு நாள் ஆகும். ஜெர்சியைப் பலகையோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினோம்.

"அக்கா, இது ஐஸ்கிரீம் பெட்டி. துணி வைக்கிற பீரோ இல்ல" என்றார் கடைக்காரர்.

"முக்கால் மணி நேரம்தான்."

"வெளிய எடுத்து வைக்கிறதெல்லாம் உருகுமே?"

"உருகினா நானே உக்காந்து தின்னுட்டுப் போறேன். மூடியத் திறங்க!"

என் குரலில் என்ன இருந்ததோ, திறந்தார். பாதி டப்பாக்களை வெளியே எடுத்துவிட்டுப் பலகையைச் சாய்த்து வைத்தோம். அந்த முக்கால் மணி நேரமும் பெட்டியின் மேல் கைவைத்து நின்றேன். ஐஸ் கேட்டு வந்தவர்களை முறைத்தே விரட்டினேன். வராவிட்டால்? துணியில் வராமலே போய்விட்டால்? பூட்டண்ணன் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வேண்டாத தெய்வமில்லை.

கடைக்குத் திரும்பி மேசையில் வைத்து உறையைப் பிரித்தபோது மணி நாலேகால். முதலில் பார்க்கச் சொல்லிக் கணவரைத் தள்ளினேன்.

"வந்துடுச்சு" என்றார்.

வந்திருந்தது. நடுங்கிய கையின் முதல் சுழி, பிறகு கீழே சரிந்து இறங்கும் வால். கொஞ்சம் வெளிறியிருந்தாலும் அவருடையதேதான். கூடவே என் கைவரிசையும் வந்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் புள்ளிகள், கையெழுத்தின் குறுக்கே நடுக்கோடு, தோளில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் "மேல்" என்று என் கிறுக்கல். அவற்றை அழிக்கச் சூடு காட்டினால் கையெழுத்தும் போய்விடும்.

கணவர் அழியாத கறுப்புப் பேனாவோடு வந்தார். "இப்படியே விட்டா அடுத்த கோடையில சுவத்துல வெயில் பட்டே போயிடும். வந்த கோட்டு மேலயே மெதுவா இழுத்துடறேன். அப்புறம் உன் கோட்டையெல்லாம் டிரையர் காட்டி அழிச்சிடலாம். யாருக்கும் தெரியாது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சரியென்று தலையாட்டினேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பேனா முனைக்கும் துணிக்கும் நூலிழை இடைவெளி.

"என்ன பண்றீங்க?"

வாசலில் பூட்டண்ணனின் மனைவி. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். கையில் மடக்கிய குடை. கணவர் அப்படியே நின்றார், கையை எடுக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"அக்கா, தப்பு என்னோடது" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. போன் சண்டை, பேனா, டிரையர், ஐஸ்கிரீம் பெட்டி, இப்போது செய்யப் பார்த்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"அந்தப் பேனாவ அங்கேருந்து எடுங்க" என்றார் என் கணவரிடம். கணவர் எடுத்தார்.

"புள்ளைங்க ரிப்போர்ட் கார்டு, வீட்டு வாடகைப் பத்திரம், கடைசியா ஆபரேஷன் சம்மதக் கடுதாசி. எல்லாத்துலயும் அவர் கையெழுத்த நான்தான் போட்டேன். மனுஷன் எப்பவும் கிரவுண்டுலதானே கிடப்பாரு. முப்பது வருஷம். அவரவிட எனக்கு நல்லா வரும். என் வீட்டுல அவரே போட்டதுன்னு இருக்கப்போறது இது ஒண்ணுதான். அது மேல யாரும் கை வைக்காதீங்க."

"சூடு பட்டா போயிடும்க்கா."

"நான் பார்த்துக்கறேன்."

"என் கோடெல்லாம் அப்படியே இருக்கும்..."

"இருக்கட்டும். உன் மேல எனக்குக் கோபம் இல்லன்னு நினைக்காத. நிறைய இருக்கு. இப்ப சட்டத்தப் போடு, ஆறு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க."

கண்ணாடியைப் பொருத்திச் சட்டத்தை மூடினேன். வெயில் விழாத சுவரில், அடுப்படிக்கு எட்டத்தில் மாட்டச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

வெளியே வெயில் இன்னும் தணியவில்லை. நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தோம். அவர் குடையை விரித்து ஜெர்சிக்கு மேலே பிடித்துக்கொண்டு, வெறுந்தலையோடு பக்கத்தில் நடந்து வந்தார்.