ஜித்மாயாவின் பலகைகள்

ஜித்மாயா தன் பெயரை முதன்முதலாகத் தன் கையால் எழுதிய அன்று சிம்லே ஆற்றின் மேல் ஒரு பலகை வந்து நின்றது. நன்றாக இழைத்த சால மரப் பலகை. கீழே தூண் இல்லை, மேலே கம்பி இல்லை, கரையை ஒட்டி அந்தரத்தில் நின்றது. வார்டுத் தலைவர் டேக்பகதூர் குடைக்காம்பால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. ஓர் ஆட்டை ஏற்றிப் பார்த்தார்கள். அது சாவகாசமாக நின்று புழுக்கை போட்டுவிட்டு இறங்கியது. ஓக்லே கிராமத்துக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடந்ததெல்லாம் கம்பியில் தொங்கும் ஒரு இரும்புத் தொட்டிலில்தான். ஜித்மாயாவின் கணவன் அதிலிருந்து விழுந்துதான் செத்தான். அதன் பிறகு அவள் முக்காலி மேல்கூட ஏறியதில்லை. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் ரூப்சரி மட்டும் வருஷா வருஷம் தசைன் பண்டிகைக்கு அதே தொட்டிலில் வந்து, அம்மா கையால் நெற்றியில் டீகா வைத்துக்கொண்டு போவாள். பாலம் வரப்போகிறது என்று சொல்லி அரசாங்கம் தொட்டிலைக் கழற்றிக்கொண்டு போனது. பாலம் வரவில்லை. சுற்றுவழியையும் நிலச்சரிவு தின்றுவிட்டது. போன தசைனில் அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்த தட்டு பௌர்ணமி வரை மகளுக்காகக் காத்திருந்து காய்ந்து வெடித்தது. பௌர்ணமி தாண்டினால் டீகா கிடையாது. அந்தத் தட்டைத் தேய்க்கும்போது ஜித்மாயா வாய்விட்டு அழுதாள். தேய்த்துக் கவிழ்த்துவிட்டு நேராக முதியோர் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த பலகை, யார் உதவியும் இல்லாமல் அவளே எண்களை அழுத்தி மகளுக்குப் போன் பேசியபோது வந்தது. அடுத்தது, தக்காளிக்குப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டபோது. கணவனின் அண்ணன் வரப்பை நகர்த்த வந்த அன்று, "பெரியவரே, மம்பட்டிய எடுத்துட்டு நடையக் கட்டுங்க" என்று அவள் சொன்னதற்கு இரண்டு பலகைகள் ஒன்றாக வந்தன. ஊரே பரபரத்தது. டேக்பகதூர் தன் பங்குக்குப் புல்லாங்குழல் கற்றுக்கொண்டார். பலகை வரவில்லை, பக்கத்து வீட்டு எருமைக்குப் பால்தான் வற்றியது. அக்கரையில் யாரும் காத்திராதவர்களை ஆறு பொருட்படுத்தவில்லை போலிருக்கிறது.

அந்த வருஷம் ஆட்சி மூன்று முறை கவிழ்ந்தது. ஒவ்வொரு புது மந்திரியும் ஓக்லேக்கு வந்து பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். முதலாமவர் மைக்கைப் பிடித்து "ஆறே மாதத்தில்" என்றதும் ஒரு பலகை தொப்பென்று ஆற்றில் விழுந்தது. "என் உயிரைக் கொடுத்தாவது" என்றபோது மூன்று விழுந்தன. பனிக்காலம் முழுக்க ஜித்மாயா பாடுபட்டுச் சேர்த்ததில் பெரும்பகுதி ஒரே பிற்பகலில் போயிற்று. இரண்டாமவர் வந்தபோது அவள் கூட்டத்தில் எழுந்து நின்று, "தொட்டில எதுக்குய்யா கழட்டுனீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு பலகை வந்தது. மந்திரி பதில் சொன்னார், இரண்டு போயின. அன்று வீட்டுக்கு வந்து அவள் தக்காளிக் கூடையை எட்டி உதைத்தாள். பக்கத்து வீட்டுக் கோமா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "நாசமாப் போறவனுங்க. விடு, நீ அடுத்தது என்ன கத்துக்கப் போற, அதச் சொல்லு" என்றாள். ஜித்மாயா ஆட்டுக்கு ஊசி போடக் கற்றாள், கணக்கு கற்றாள், மழைக்காலத்தில் ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவியும் ஆனாள். பலகைகள் மடமடவென்று வந்தன.

மறு தசைன் பௌர்ணமியன்று அக்கரைக்கு இரண்டே பலகைதான் பாக்கி. அதைக் கேள்விப்பட்டு மூன்றாவது மந்திரி திறப்புவிழாவுக்கே கிளம்பி வந்துவிட்டார். ஜீப்பின் புழுதி தெரிந்ததுமே கோமா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். தசைன் நாளில் ஊறவைத்த அரிசியை அரைத்து வளையமாகச் சுட்ட சேல் ரொட்டியை ஒரு பெண் நீட்டினால் யாரும் மறுப்பதில்லை. மந்திரி மைக்கைத் தொடும்போதெல்லாம் ஒருத்தி நீட்டினாள். "சாப்பிடுங்க மந்திரிஜீ, தலைநகர்ல பட்டினி போட்டாங்களா, எளச்சுட்டீங்களே!" அவரும் மென்றுகொண்டே இருந்தார்.

ஆற்றோரம் மூங்கில் ஊஞ்சல் கட்டியிருந்தது. தசைனில் ஒரு தடவையாவது கால் மண்ணை விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கணவன் போனதிலிருந்து ஜித்மாயா அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. எதிர்க்கரையில் சிவப்புப் புடவையில் மகள் நிற்பதைப் பார்த்தாள். ஊஞ்சல் கயிற்றருகே போய் நின்றாள்.

"ஏறப் போறியா, இல்ல இந்த வருஷமும் தட்டக் கழுவப் போறியா?" என்றாள் கோமா.

ஜித்மாயா ஏறினாள். முதல் வீச்சில் கத்தினாள், இரண்டாவதில் கண்ணைத் திறந்தாள், மூன்றாவதில் ஆறு, மலை, மகள் எல்லாம் ஒருசேரத் தெரிய, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். பலகை வந்தது. ஊர் கைதட்டியது. ஆனால் அக்கரையை ஒட்டி இன்னும் ஒன்று பாக்கி, வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்த பயத்தையெல்லாம் அவள் தீர்த்துவிட்டாள், இனிச் செய்ய அவளிடம் எதுவும் இல்லை. அக்கரையில் ரூப்சரி மாமியாரிடம் திரும்பி என்னவோ சொல்வது தெரிந்தது. சொல்லி முடித்ததும் அவள் காலடியிலேயே கடைசிப் பலகை வந்து பொருந்தியது.

அவள் ஓடிவந்தாள். நடு ஆற்றுக்கு வந்தபோது மந்திரி கடைசி வாயை விழுங்கிவிட்டு, "நான் உறுதி..." என்று ஆரம்பித்தார். ரூப்சரியின் பின்னால் ஒரு பலகை ஆடியது. ஊஞ்சலிலிருந்து குதித்த ஜித்மாயா, சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு ரொட்டியை அவர் வாயில் திணித்தாள். பலகை நின்றது. மகள் கரையேறினாள்.

"அந்தக் கடைசிப் பலகை நான் போட்டதில்லடி. எப்படி வந்துச்சு?"

"எப்பவும் அத்தைகிட்ட, 'போகட்டுமா'ன்னு கேப்பேன்ம்மா. இன்னிக்கு, 'போறேன்'னு சொன்னேன்."

ஜித்மாயா மகளை முகம் முழுக்கப் பார்த்தாள். பிறகு ஈரம் காயாத தட்டிலிருந்து அள்ளி, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, புருவம் மறைய டீகா வைத்தாள்.

பாலம் இன்றும் இருக்கிறது, காய்கறியும் மாடும் கல்யாண ஊர்வலமும் அதில்தான் போகின்றன. மந்திரி யாராவது வருவதாகத் தகவல் வந்தால் ஓக்லேயில் இப்போது மைக் கட்டுவதில்லை, அரிசி ஊறப்போடுகிறார்கள்.