மேனேஜர் நெற்றியில் நீலம்

அந்தத் தெருநாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது பெயிண்டர்தான். ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்தால் வேறு என்னவென்று கூப்பிடுவது? பெயர் அவர் வைத்தது, சோறு அவர் மனைவி வைத்தது. பிள்ளையில்லாத வீட்டின் செல்லமெல்லாம் அதற்குத்தான் போயிற்று.

போன வருடம் வெறிநாய்த் தடுப்பூசி போட வந்தவர்கள் வலையை வீசி அமுக்கியதில் அதற்குக் கால் பிசகிவிட்டது. ஊசி குத்துவதற்குள் வலையைப் பிய்த்துக்கொண்டு ஓடி, மாதக்கணக்கில் நொண்டியது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஊர் முழுக்க நாய், பிடிக்க நாலே பேர், ஐஸ் உருகுவதற்குள் மருந்தைத் தீர்த்தாக வேண்டும். ஊசி போட்ட நாயின் நெற்றியில் அடையாளத்துக்கு நீலத்தை அப்பிவிட்டு அடுத்ததைத் துரத்துவார்கள்.

இந்த வருடம் வண்டிச் சத்தம் கேட்டதுமே பெயிண்டர் மனைவி முந்திக்கொண்டாள். கணவர் கதவுக்கு அடிக்கும் நீலப் பெயிண்ட் டப்பாவில் விரலை விட்டு மேனேஜர் நெற்றியில் ஒரு தீற்று தீற்றினாள். வலைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போட்டாச்சுப்பா. அடுத்த சந்துக்கு விடு."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். டப்பாவைத் தொட்டால் கணவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பதால் அவரிடம் மூச்சு விடவில்லை.

மழைக்காலத்தில் மேனேஜர் சோற்றைத் தொடவில்லை. வாய் மூடாமல் தொங்கியது, எச்சில் ஒழுகியது. ஒரு சாயங்காலம் அவள் தையல் கம்பெனியிலிருந்து திரும்பியபோது அது சுவரோரம் செத்துக் கிடந்தது. பக்கத்தில் பெயிண்டர் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல. கையை விட்டுத் தேடிப் பாத்தேன், ஒண்ணும் சிக்கல. பல்லு லேசா கீறிடுச்சு."

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோமா?"

"எதுக்கு? ஒரு நாள் பொழப்புதான் போகும். மருந்து இல்ல, அப்புறம் வான்னு சொல்லுவாங்க. அதான் நெத்தியில நீலம் இருக்கே, ஊசி போட்ட நாய்தானே? தின்னர் ஊத்தித் தொடச்சுட்டேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? ஊர்வம்பென்றால் தானாகத் திறக்கிற பாழாய்ப்போன வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. எலும்புதான் மாட்டியிருக்கும், எலும்புதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். கீறல் ஆறியதும் அந்தப் பேச்சே வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

மழை விட்டு வெயில் ஏறிய பிறகு ஒரு நாள், கை விறுவிறுவென்று இழுக்கிறது என்றார் பெயிண்டர். மறுநாள் தண்ணீரை வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இறுகி உடம்பே தூக்கிப்போட்டது. டம்ளர் தெறித்து விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் கையிலிருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த நாய்க்கு ஊசி போட்டிருந்துச்சா?"

பெயிண்டர்தான் முந்திக்கொண்டு கரகரத்தார். "போட்டிருந்தாங்கம்மா. நெத்தியில நீலம் இருந்துச்சு."

"இல்லம்மா," என்றாள் அவள். "அது எங்க வீட்டுப் பெயிண்டு. வலையில மாட்டக் கூடாதுன்னு நான்தான் தடவினேன். எதிர்வீட்டுப் பொண்ணு அதுக்கு பிஸ்கட் ஊட்டும், அது கையை நக்கும். அந்தக் கொழந்தைக்காவது ஊசி போடுங்கம்மா."

டாக்டரம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பெயிண்டருக்கு ஊசி போடுவது பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பெயிண்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. காய்ந்த உதட்டை நனைக்கவும் வழியில்லாமல் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.