மெயிலில் வராத லீவு

இப்படிப் பக்கத்தில் நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. காது இரண்டு இருந்தும் கேட்காத ஒரு பெரிய மனுஷன் கதை சொல்லுகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

புனேயில், விஷ்ராந்த்வாடியில் ஓர் அடுக்குமாடி. நாலாம் மாடியில் கோயம்புத்தூர்ப் பெண் மங்கையர்க்கரசி. இரண்டாம் மாடியில் அவளுடைய கம்பெனி மேனேஜர் ஸ்ரீவத்சன். இரண்டாயிரத்து எட்டில் கம்பெனி அவருக்கு மெயில் வருகிற போன் ஒன்று கொடுத்தது. அன்று குனிந்த தலைதான். லேப்டாப்பை ஆபீஸ் அலமாரியிலேயே பூட்டிவிட்டு வந்தார். எல்லாம் கைக்குள்ளே இருக்கிறதாம். அவர் போட்ட சட்டம்: மெயிலில் இல்லாதது நடக்கவே இல்லை. வாயால் லீவு கேட்டுவிட்டு ஊருக்குப் போன தன் டீம் பையன் முகுந்தை, சொல்லாமல் போனவன் என்று எழுதி ப்ராஜெக்டிலிருந்தே தூக்கிய புண்ணியவான்.

ஒரு சனிக்கிழமை காலை, திங்களன்று அம்மாவுக்கு இதய ஆபரேஷன் என்று மங்கைக்குத் தகவல் வந்தது. இரண்டு மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாள். லீவு கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டாள். பதினொன்றரை வரை பதில் இல்லை. பெட்டியோடு இரண்டு மாடி இறங்கினாள்.

ஸ்ரீவத்சன் போனின் பாட்டரியைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மெயில் சேவை படுத்துவிட்டது. அந்தப் போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும்தான். தான் ஊதினால் எழுந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

"சார், லீவுக்கு மெயில் போட்டிருக்கேனுங்க. அம்மாவுக்குத் திங்கக்கெழம ஆபரேஷனுங்க."

"ஒண்ணும் வரலியேம்மா."

"அதான் நேர்ல சொல்ல வந்தேனுங்க."

"சொல்லலாம். மெயில் வந்தாத்தானே நான் அப்ரூவ் பண்ண முடியும்?"

பால்கனிக்குப் போய், காக்காய்க்குச் சோறு வைக்கிறவர் மாதிரி போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். காக்காய்கூட வரவில்லை.

அவர் மனைவி ராஜஸ்ரீ அடுக்களையிலிருந்து வந்தாள். "ஏன்னா, அவ உங்க மூக்குக்கு முன்னாடி நின்னுண்டு சொல்றா. காதுல விழலையா?"

"விழறதுடி. ரெக்கார்டு வேண்டாமா?"

"காயிதத்துல எழுதிக் குடுக்கட்டுங்களா?" என்றாள் மங்கை.

"காகிதமா!" செத்த எலியை நீட்டியது போலப் பின்வாங்கினார். "அதெல்லாம் சிஸ்டத்துல ஏறாதும்மா. சர்வீஸ் வரட்டும். அதுவரைக்கும் நீ போகப்படாது."

மணி பன்னிரண்டாகிவிட்டது. மங்கைக்கு அம்மாவின் முகமும் முகுந்தின் முகமும் மாறி மாறிக் கண்முன் வந்தன. வேலை போனால் இன்னொன்று தேடலாம். பெட்டியின் பிடியை இறுக்கினாள்.

"இப்ப போகப்படாதுன்னு சொன்னீங்களே சார், அது மெயில்ல வந்துச்சுங்களா?"

"எப்படி வரும்? அதான் சர்வீஸ் இல்லியே!"

"அப்ப நீங்க அதச் சொல்லவே இல்லீங்க. வரட்டுங்களா மாமி?"

ராஜஸ்ரீ ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் கதவைத் திறந்துவிட்டாள். பதில் சொல்ல வேண்டிய மனுஷன் வாயைத் திறப்பதற்குப் பதில் போனைத் திறந்தார். அதற்குள் கீழே ரிக்‌ஷா கிளம்பிவிட்டது.

ஞாயிறு மாலை சேவைக்கு உயிர் வந்து, முந்நூறு மெயில் ஒரேயடியாய்க் கொட்டியது. கடைசியாய் வந்தது மேலே நிற்க, அவர் மேலிருந்து வரிசை தப்பாமல் படித்தார். தப்பினால் சட்டம் என்னாவது? மங்கையின் முறை செவ்வாய்க்கிழமைதான் வந்தது. அதில் சனிக்கிழமை ஒன்பது மணி என்று பளிச்சென்று இருந்தது. அவர் சட்டப்படியே அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒற்றை வார்த்தையில் அனுமதி அனுப்பினார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் அதைப் பார்த்துவிட்டு வந்த மங்கை, கண் விழித்திருந்த அம்மாவின் தலையைக் கோதினாள்.

"என்ன கண்ணு, ஆபீஸ்ல இருந்து சேதி வந்துச்சா?"

"ஆமாம்மா. சனிக்கெழம நான் சொன்னது அவருக்கு இப்பத்தான் காதுல விழுந்துச்சாம்."

அவ்வளவுதான் செல்லங்களா. உங்கள் வீட்டில் ஒருவர் வாய் திறந்தால் இன்னொருவர் நிமிர்ந்து பார்க்கட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், போன வாசல் வழியே எல்லோரும் சுகமாய் வந்து சேரட்டும்.