உறுமாத நாய்

மாலை நாலரைக்கு நாய் வீடு திரும்பியது. நாத்தனார் புருஷன் வண்டியின் பின்கதவைத் திறந்து "எறங்கு" என்றார். இறங்கியது. "உக்காரு" என்றார். உட்கார்ந்தது. அதன் கழுத்தில் இரும்புச் சங்கிலி, இழுத்தால் இறுகும் வகை. அதில் கோத்த தோல் வார் அவர் கையில் இருந்தது.

"கரியா," என்று கூப்பிட்டாள் அவள். வால் ஆடவில்லை. நாய் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

அவர் கிடங்குகளுக்குக் காவல் நாய் பழக்குகிறவர். அவரிடம் அனுப்பியதே உறுமலுக்காகத்தான். தின்னும்போது குழந்தை பக்கத்தில் தவழ்ந்து போனால் கரியன் உறுமும். அவளும் ஒரு வழியில் பழக்கிக்கொண்டுதான் இருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டை நெருங்குவாள். நெருங்கும்போதெல்லாம் வேகவைத்த கோழியில் ஒரு துண்டு போடுவாள். குழந்தை வந்தால் நல்லது வரும் என்று நாய் நம்ப வேண்டும். இடைவெளி சாண் சாணாகக் குறைந்துவந்தது. கணவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பயம் என்றும் சொல்லலாம்.

"நாய்க்கு லஞ்சம் குடுத்துப் பழக்குனா, நாளைக்கு அது சங்கம் வச்சுக் கொடி புடிக்கும்மா," என்றார் நாத்தனார் புருஷன், டீயை உறிஞ்சியபடி. "நாய் வால நிமித்த முடியாதும்பாங்க. நான் வாயவே மூடிட்டேன்."

கணவன் சிரித்தான். அவன் சிரித்து நாளாயிற்று.

"எப்படிண்ணா மூடுனீங்க?" என்று கேட்டாள் அவள்.

"எங்க கடைக்குட்டியத் தட்டுகிட்ட நடக்கவிட்டேன். உறுமுச்சு. வாரச் சுண்டி ஒரு இழு. மறுபடி உறுமுச்சு. மறுபடி ஒரு இழு. அப்புறம் சத்தமே இல்ல. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?"

"பிள்ள வரும்போதெல்லாம் இழுத்தீங்களா?"

"வரும்போதுதானேம்மா உறுமுது?"

வீட்டு மாப்பிள்ளையிடம் வாய் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

கணவன் வாரை வாங்கிக்கொண்டான். சமையலறை மூலையில் தட்டை வைத்தான். கூடத்தில் டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்த குழந்தை, நாயைக் கண்டதும் மூடியைப் போட்டுவிட்டுத் தவழ்ந்தது. அவள் எழுந்தாள். நாத்தனார் புருஷன் சமையலறை வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"விடும்மா. நாங்க இருக்கோம்ல."

குழந்தை அவர் கால் பக்கமாகப் புகுந்து போனது. நாய் தின்பதை நிறுத்தியது. உறுமவில்லை.

"பாத்தியா! மூச்சு விடல!" என்றான் கணவன்.

அவள் நாயின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரை இன்னும் யாரும் இழுக்கவில்லை. அதற்குள் கழுத்து உள்ளே ஒடுங்கியிருந்தது. உதடு இறுகியிருந்தது. கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தது. அந்தக் கண் தட்டைப் பார்க்கவில்லை, வார் பிடித்த கையையும் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தது. வலி எங்கிருந்து வருகிறது என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லத் தெரிந்த ஒரே சத்தத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

குழந்தை கையை நீட்டியது. கணவனின் பிடி வாரில் இறுகியது.

கத்தினால் நாய் திடுக்கிடும். அடுப்பை அணைக்கச் சொல்லும் குரலில், வாசலை மறித்த கைக்கு மேலாகக் கணவனிடம் சொன்னாள்:

"வார இழுக்காதீங்க. அப்படியே குனிஞ்சு பாப்பாவத் தூக்குங்க. என்னங்க... கேக்குதா?"