கிறீச்சிடாத மேசை

எந்த இயந்திரம் முனகினாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுகிற ஆள் அண்ணன். தன் நெஞ்சு முனகினால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. வண்டிப் பட்டறை வைத்திருக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு பிடிவாதம்!

சொல்லிச் சொல்லித் தங்கைக்கு வாய் வலித்துப்போனது. அவள் வேலையே அதுதான். ஊர் ஊராகப் போகும் ஸ்கேன் வண்டியில், நெடுநாள் சிகரெட் பிடித்தவர்களுக்கு, உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாதபோதே நுரையீரலில் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது. ஊரையெல்லாம் ஸ்கேன் மேசையில் படுக்க வைத்தவளால் கூடப் பிறந்தவரை அந்த வண்டியில் படியேற்ற முடியவில்லை. வாலிபத்தில் பற்றவைத்த சிகரெட்டை அவர் இன்னும் விட்டபாடில்லை.

"ஓடியாடிட்டு இருக்கறவனைப் படுக்கப் போட்டு நோயாளி ஆக்காதே பாப்பா" என்பார். தலை நரைத்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அப்பாவைக் கொண்டுபோனதும் இந்த நோய்தான். இருமலில் ரத்தம் வந்த பிறகு மருத்துவரிடம் ஓடி, 'முன்னாடியே வந்திருக்கலாமே' என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பினார்கள். அண்ணனுக்கும் அதே பேச்சைக் கேட்க நேருமோ என்று தங்கை பயந்தாள்.

ஸ்கேன் வண்டி பட்டறைக்கு எதிர் மைதானத்தில் வந்து நின்ற அன்று, அவள் துணிந்து ஒரு பொய்யை ஜோடித்தாள்.

"அண்ணே, எங்க மேசை நகரும்போது கிறீச்சுன்னு கத்துது. வர்றவங்க பயப்படறாங்க. கம்பெனி ஆளு வர நாளாகுமாம்."

போனை வைப்பதற்குள் ஸ்பேனர் பையோடு வந்துவிட்டார். மேசையை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லையே?"

"ஆள் படுத்தாத்தான் வரும்."

அதுதான் அவள் போட்ட கணக்கு. பழுது பார்த்த வண்டியில் முதலில் தான் ஏறி ஒரு சுற்றுப் போகாமல் அண்ணன் யாரிடமும் சாவியைக் கொடுக்க மாட்டார். பட்டறையில் அது சட்டம். இங்கும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். மேசை சத்தமில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

"பாப்பா, கதை விடுறியா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா, விடுறேன்! வேற என்ன பண்ணச் சொல்றே? சின்னச் சத்தம் வரும்போதே கொண்டு வராம, நடுரோட்டுல நின்னப்புறம் இழுத்துட்டு வர்றாங்கன்னு தினம் யாரையாவது திட்டறியே, அது உனக்குக் கிடையாதா? அப்பாவைத் தூக்கிக் கொடுத்தது போதாதா? எனக்கு நீ வேணும்ணே."

அண்ணன் எழுந்திருக்காமல் கூரையையே பார்த்தார்.

"பயமா இருக்கு பாப்பா."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

"எனக்கும்தான்."

"எந்திரிச்சா திரும்பப் படுக்க மாட்டேன். இப்பவே எடுத்துடு."

"முதல்ல சம்மதம்னு கையெழுத்துப் போடு. இது உன் பட்டறை இல்ல."

படுத்தபடியே கிறுக்கித் தந்தார்.

வலது நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. அடுத்தடுத்த சோதனைகளில் புற்றுநோய் என்று உறுதியானது. வீடே இடிந்து உட்கார்ந்தபோது மருத்துவர் மட்டும் தெம்பாகப் பேசினார். "இருமல் வர்ற வரைக்கும் விட்டிருந்தா கதை வேற. இவ்வளவு சின்னதுல கிடைச்சதால குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு." நெஞ்சைத் திறக்காமல், விலாவில் சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடியே அந்தப் பகுதியை மட்டும் எடுத்தார்கள்.

"எஞ்சினை இறக்காமலே வேலையை முடிச்சுட்டாங்களா? கெட்டிக்காரங்கதான்!" கண் விழித்த அண்ணனின் முதல் பேச்சு அதுதான். சிகரெட்டை விட்டார். விட்ட எரிச்சலையெல்லாம் அண்ணி தலையில் கொட்டினார். அண்ணியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

நோய் திரும்பவில்லையே என்று மறுபடி படம் எடுத்துப் பார்க்கும் நாள் நெருங்கியது. இந்த முறை என்ன பொய் சொல்லி வரவழைப்பது என்று தங்கை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது.

"பாப்பா, அந்த மேசை திரும்பக் கத்துதாமே?"



"ஆமாண்ணே. காது கொடுத்துக் கேக்க முடியல."

"உன் ஸ்கேன் வண்டி வாசல்லதான் நிக்கறேன். கதவைத் திற."